பென்-ஹர் இசைத்தட்டில் இருப்பது படத்தில் கேட்ட இசைதானா?

நாகைக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு காலமான என் தந்தையார் விட்டுச்சென்ற இசைத்தட்டுகளை இப்போதுதான் ஒவ்வொன்றாகத் துடைத்து, பெயர் எழுதி அடுக்கிக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலானவை நம் ஊர்த் திரைப்பாடல்கள். அவற்றுக்கு நடுவே, கனத்த பெட்டி ஒன்றில், படங்கள் நிறைந்த கெட்டி அட்டைப் புத்தகத்தோடு, 'பென்-ஹர்' படத்தின் எல்பி இருந்தது. படத்தைத் தயாரித்த எம்ஜிஎம் நிறுவனத்தின் வெளியீடு. பெட்டியின் உட்பக்கத்தில் அப்பா பென்சிலால் 'ஆஸ்கர் 1960' என்று எழுதிவைத்திருக்கிறார்.

தட்டை ஓடவிட்டுக் கேட்ட அன்றிரவே படத்தையும் தொலைக்காட்சியில் பார்த்தேன். இரண்டும் ஒத்துப்போகவில்லை. தேரோட்டிகள் அரங்கைச் சுற்றி அணிவகுத்து வரும்போது ஒலிக்கும் எக்காள இசையைத் தட்டில் கேட்டால் அது படத்தைவிட விரைவாக ஓடுகிறது. சுருதியும் சற்றே ஏறி நிற்பதாக என் காதுக்குப் படுகிறது. அதைவிட வியப்பு, அந்தப் புகழ்பெற்ற தேர்ப் பந்தயத்துக்கான இசையைத் தட்டில் எங்கு தேடியும் காணவில்லை. உறையில் இசையமைப்பாளர் மிக்லோஷ் ரோஜாவின் பெயருக்குக் கீழே, ரோம் நகரின் சிம்பொனி வாத்தியக்குழுவை நடத்தியவர் கார்லோ சவீனா என்று அச்சிட்டிருக்கிறார்கள். அமெரிக்கப் படத்துக்கு ரோம் நகரத்துக் குழு எதற்கு?

என் கேள்விகள் இவைதாம். இந்தத் தட்டில் இருப்பது படத்தில் ஒலித்த அதே பதிவா? இல்லையென்றால் ஆஸ்கர் விருது எந்தப் பதிவுக்குக் கொடுக்கப்பட்டது? படத்தில் உள்ள பதிவு இப்போது எங்காவது கிடைக்குமா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கருந்தட்டு எழுதியது:

நாகைக்காரன் அவர்களுக்கு வணக்கம். தந்தையாரை இழந்த தங்களுக்கு என் ஆறுதல்கள். நல்லதொரு பெட்டியை அவர் தங்களுக்கு விட்டுச்சென்றிருக்கிறார்.

முதலில் தேர்ப் பந்தயத்தை முடித்துவிடுகிறேன். அதற்கு இசையே கிடையாது. பந்தயம் தொடங்கும் முன் அணிவகுப்புக்கு ரோஜா எழுதிய எக்காள இசை அரங்கை நிறைக்கும். பந்தயம் தொடங்கியதும் குளம்படியும் சக்கர உரசலும் கூட்டத்தின் இரைச்சலும் மட்டுந்தான். படத்தை மீண்டும் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். பந்தயத்துக்கும் இசை இருந்தது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் பலர். முன்னால் ஒலித்த இசையின் மிச்சம் நம் காதில் ஓடிக்கொண்டே இருப்பதால் அப்படித் தோன்றுகிறது.

இனி தங்கள் முதல் கேள்வி. தட்டில் இருப்பது படத்துக்கான பதிவு அன்று. படத்தின் இசையை ரோஜாவே எம்ஜிஎம்மின் வாத்தியக்குழுவை நடத்தி கலிபோர்னியாவில் பதிவுசெய்தார். தட்டுக்காக அதே இசைக்குறிப்புகளிலிருந்து சில பகுதிகளை இத்தாலியில், வேறு கலைஞர்களைக்கொண்டு, வேறு நடத்துநரின்கீழ் மீண்டும் வாசிக்கச்செய்து பதிவெடுத்தார்கள். அதைத்தான் தாங்கள் கேட்டிருக்கிறீர்கள். படத்தில் ஏறத்தாழ இரண்டரை மணி நேர இசை உண்டு. ஒரு எல்பியின் இரண்டு பக்கங்களிலும் சேர்த்து முக்கால் மணி நேரத்துக்குமேல் அடக்குவது கடினம் என்பதால் எஞ்சியது எதுவும் அன்று வெளியே வரவில்லை.

கையில் நல்ல பதிவு இருக்கும்போது எதற்காக இத்தாலி வரை போனார்கள் என்றால், காசுக்காகத்தான். அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் அன்றைய விதிப்படி, படத்துக்காக எடுத்த பதிவைத் தட்டாக வெளியிட வேண்டுமானால் அதில் வாசித்த ஒவ்வொருவருக்கும் மறுபடியும் ஊதியம் தர வேண்டும். பெரிய குழு வாசித்த இசைக்கு அந்தத் தொகை எங்கேயோ போய்விடும். ஐரோப்பாவில் ஒரு குழுவை அமர்த்தி இரண்டொரு நாளில் புதிதாகப் பதிவெடுப்பது அதைவிட மலிவு. இரண்டு ஆண்டுகள் கழித்து ரோஜா இசையமைத்த 'எல் சிட்' படத்துக்கும் இதே கதைதான். அதன் தட்டுக்கான பதிவு மியூனிக்கில் நடந்தது, ஆனால் அங்கே அவரே நின்று நடத்தினார். (நம்மவர்களும் ஐரோப்பாவுக்குப் போயிருக்கிறார்கள். இளையராஜா 'ஹே ராம்' படத்தின் பின்னணி இசைக்கும் பின்னர் திருவாசகத்துக்கும் புடாபெஸ்ட் குழுவைத்தான் நாடினார். அந்தப் புடாபெஸ்டில்தான் 1907இல் ரோஜா பிறந்தார். அவருடைய குடும்பப் பெயருக்கு ஹங்கேரிய மொழியிலும் பொருள் ரோஜாப்பூவே என்பதைத் தமிழர்கள் ரசிக்கலாம்.)

நேர்மாறான எடுத்துக்காட்டும் ஒன்று உண்டு. 1958இல் ஹாலிவுட் இசைக்கலைஞர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால், பெர்னார்ட் ஹெர்மன் எழுதிய 'வெர்டிகோ' இசையைப் படத்துக்காகவே லண்டனிலும் வியன்னாவிலும் பதிவெடுக்க வேண்டியதாயிற்று. எழுதியவர் நடத்தவில்லை, மியூர் மத்தீசன் நடத்தினார். அதனால் அவ்வாண்டு வெளிவந்த 'வெர்டிகோ' தட்டில் இருப்பது படத்தில் ஒலித்த அதே பதிவு. ஆகவே உறையில் வெளிநாட்டுக் குழுவின் பெயரைப் பார்த்ததும் மறுபதிவு என்று முடிவுகட்டிவிடவும் கூடாது.

படத்துக்கான அசல் பதிவு கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். கிடைக்கும், ஆனால் முப்பத்தேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. எம்ஜிஎம்மின் பழைய படங்கள் 1986இல் டர்னர் நிறுவனத்தின் கைக்குப் போயின. அதன் பிறகு கிடங்கில் இருந்த காந்தப்பூச்சுப் பதிவுகளை எடுத்துத் துப்புரவாக்கி, 1996இல் ரைனோ நிறுவனம் இரண்டு குறுந்தகடுகளாக வெளியிட்டது. 2012இல் ஃபிலிம் ஸ்கோர் மந்த்லி நிறுவனம் ஐந்து குறுந்தகடுகள்கொண்ட பெட்டியாக, படத்தில் சேர்க்காமல் விட்ட மாற்று வடிவங்களையும் தங்களிடமுள்ள சவீனாவின் பதிவையும்கூடச் சேர்த்துக் கொடுத்தது. அந்நிறுவனத்தின் கடைசி வெளியீடுகளுள் அதுவும் ஒன்று. கடைகளில் இப்போது கிடையாது, கைமாறி வருவதைத்தான் பிடிக்க வேண்டும்.

ஒலிப்பதிவு தப்பியது, தாள்கள் தப்பவில்லை. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் எம்ஜிஎம் தன் நூலகத்தில் இருந்த முழு இசைக்குறிப்புகளையும் ஒவ்வொரு வாத்தியத்துக்குமான தாள்களையும் இடத்தை அடைக்கிறது என்று அள்ளிக்கொண்டுபோய்ப் பள்ளம் நிரப்பக் கொட்டிவிட்டது. நடத்துநர் பார்த்துக்கொள்வதற்காகச் சில வரிகளில் சுருக்கி எழுதிய குறிப்புகள் மட்டும் பலவற்றுக்கு மிஞ்சின. பிற்காலத்தில் நடத்துநர் ஜான் வில்சன் போன்றவர்கள் எம்ஜிஎம் இசையை மேடையில் மீண்டும் வாசிக்க, அந்தச் சுருக்கக் குறிப்பை ஒரு கையிலும் படத்தின் ஒலித்தடத்தை ஒரு காதிலும் வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் எந்தக் குழல் ஊதுகிறது என்று மாதக்கணக்கில் கேட்டுக் கேட்டுத் தாள்களைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது.

வயலின் மாணவி எழுதியது:

கருந்தட்டு ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. விருதைப் பற்றிய கேள்வி நின்றுபோயிற்று என்பதால் அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆஸ்கர் விருது படத்தில் கேட்கும் இசைக்கே கொடுக்கப்படுகிறது. தட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1959ஆம் ஆண்டுப் படங்களுக்கான விழா 1960 ஏப்ரல் 4 அன்று நடந்தது, ஆகவே தங்கள் தந்தையார் பென்சிலால் எழுதிய ஆண்டு மிகச் சரி. பென்-ஹர் அன்று பெற்ற பதினொரு விருதுகளுள் இசைக்கானதும் ஒன்று. ரோஜாவுக்கு அது மூன்றாவது. 'ஸ்பெல்பவுண்ட்' படத்துக்காக 1945ஆம் ஆண்டிலும், 'எ டபுள் லைஃப்' படத்துக்காக 1947ஆம் ஆண்டிலும் ஏற்கெனவே பெற்றிருந்தார்.

இந்த விருது யாருக்குப் போகிறது என்பதே தொடக்கத்தில் குழப்பமாக இருந்தது. இசைக்கான விருது 1934இல் தொடங்கியபோது அதை எழுதியவருக்குத் தரவில்லை, ஸ்டுடியோவின் இசைத்துறைத் தலைவருக்குத் தந்தார்கள். எரிக் வுல்ஃப்காங் கோர்ன்கோல்ட் எழுதிய 'ஆன்டனி அட்வெர்ஸ்' 1936இல் வென்றபோது சிலை லியோ ஃபோர்ப்ஸ்டைனின் கைக்குப் போயிற்று. மறு ஆண்டு வென்ற படத்துக்கோ இசையமைப்பாளர் என்று ஒருவர் பெயர்கூடக் குறிப்பிடப்படவில்லை. 1938இல் விதியை மாற்றிய பிறகுதான் 'ராபின் ஹூட்' படத்துக்காகக் கோர்ன்கோல்ட் தம் பெயரிலேயே பெற முடிந்தது. பரிந்துரைகளின் எண்ணிக்கைக்கும் அப்போது ஒரு வரம்பில்லை. ரோஜா வென்ற 1945இல் அவருடைய பிரிவில் மட்டும் இருபத்தொரு படங்கள் போட்டியிட்டன. அவற்றுள் மூன்று அவருடையவையே.

1959இல் பட்டியல் ஐந்தாகச் சுருங்கியிருந்தது. ஆல்ஃபிரட் நியூமன், ஃபிரான்ஸ் வாக்ஸ்மன் போன்ற பெரியவர்கள் இருந்தார்கள். 'பில்லோ டாக்' என்ற நகைச்சுவைப் படமும் இருந்தது. ஆனால் அதே ஆண்டு, அதே எம்ஜிஎம்முக்காக, ஹெர்மன் எழுதிய 'நார்த் பை நார்த்வெஸ்ட்' இல்லை. இதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை. படம் வந்தபோது அதற்கு இசைத்தட்டும் இல்லை; அசல் பதிவு 1990களில்தான் வெளியாயிற்று. 'வெர்டிகோ', 'சைக்கோ' இரண்டுக்கும் இசைப் பரிந்துரை கிடையாது. ஹெர்மன் வாழ்நாளில் வாங்கிய ஒரே ஆஸ்கர் 1941ஆம் ஆண்டுப் படம் ஒன்றுக்கானது, அதுவும் தம்முடைய 'சிட்டிசன் கேன்' இசையையே தோற்கடித்து வாங்கியது. 1975 டிசம்பரில் 'டாக்சி டிரைவர்' பதிவை முடித்த கையோடு காலமானார். 1977இல் நடந்த விழாவில் அவருடைய இரண்டு படங்கள் பரிந்துரையில் இருந்தும் சிலை ஜெர்ரி கோல்ட்ஸ்மித்துக்குப் போயிற்று. கோல்ட்ஸ்மித்துக்கும் அதுவே முதலும் கடைசியும்.

எனவே அரிய பதிவுகளைத் தேடுவோர் விருதுப் பட்டியலை வழிகாட்டியாகக் கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. நம் நாட்டிலும் நிலைமை வேறில்லை. சிறந்த இசைக்கான தேசிய விருதை முதலில் பெற்றவர் 'கந்தன் கருணை' படத்துக்காக கே. வி. மகாதேவன். அன்றுமுதல் பல்லாண்டுகள் பாடல்களையும் பின்னணி இசையையும் ஒரே தட்டில் வைத்துத்தான் எடைபோட்டார்கள். 1994ஆம் ஆண்டுப் படங்களுக்கு ஒருமுறை பிரித்ததைத் தவிர, 2009ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் இரண்டையும் பிரித்து விருது கொடுத்தார்கள், அவ்வாண்டு பின்னணி இசைக்கான விருது 'பழசிராஜா'வுக்காக இளையராஜாவுக்குச் சென்றது. ஆனால் நம் பழைய படங்களின் பின்னணி இசை தட்டில் தனியாக வந்ததே அபூர்வம். பாட்டு மட்டும் வந்தது. ஹாலிவுட்டில் மறுபதிவாவது செய்தார்கள்.

கேட்பதற்கு ஒரு குறிப்பும் தருகிறேன். ரோமானியருக்கு எழுதிய அணிநடை இசையில் எக்காளங்கள் ஒன்றுக்கொன்று ஐந்தாம் சுர இடைவெளியில் இணையாகவே நகரும். அந்த வெறுமையான ஓசைதான் கேட்பவருக்குப் பழங்காலம் என்ற உணர்வைத் தருகிறது. 1951இல் 'குவோ வாடிஸ்' படத்துக்காகப் பண்டைய கிரேக்க இசைச் சான்றுகளைத் தேடிப் படித்தபோது ரோஜா வகுத்துக்கொண்ட முறை இது. இயேசுவின் முகத்தைப் படம் எங்கும் காட்டுவதில்லை. நாசரேத்தில் தாகத்தால் விழுந்து கிடக்கும் கதாநாயகன் யூதா பென்-ஹருக்கு அவர் தண்ணீர் கொடுக்கும் காட்சியில் பித்தளை வாத்தியங்கள் அடங்கி, ஆர்கனும் உச்ச சுரத்தில் வயலின்களும் மட்டும் ஒலிக்கும். முகம் செய்ய வேண்டிய வேலையை அந்த இசை செய்கிறது.

கடைசியாக ஓர் ஐயம். வேகம் மாறுவதற்கு வேறு குழு, வேறு நடத்துநர் என்று காரணம் சொல்லிவிடலாம். சுருதி ஏன் ஏற வேண்டும்? இத்தாலியில் வாசித்தாலும் கலிபோர்னியாவில் வாசித்தாலும் குழுக்கள் ஏறத்தாழ ஒரே சுருதியில்தான் கூட்டுகின்றன. நாகைக்காரன் அவர்களின் காது சரியென்றால், குற்றம் தட்டில் இருக்காது.

நாகைக்காரன் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. தேர்ப் பந்தயத்தை மறுபடியும் கேட்டேன். உண்மைதான், ஒரு சுரமும் இல்லை. முப்பது ஆண்டுகளாக ஏமாந்திருக்கிறேன்.

தட்டின் ஒரு பக்கத்தில் வெண்மையாகப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. எதைக்கொண்டு துடைப்பது? பெட்டியின் முதுகில் '1இ1' என்று மட்டும் எண் இருக்கிறது, அதற்கு என்ன பொருள்? விற்கும் எண்ணம் இல்லை. என்றாலும் இது அரிய தட்டுதானா என்று அறிய ஆவல்.

மூர்மார்க்கெட் ஆள் எழுதியது:

தம்பி, மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள், இது அரிய தட்டு அன்று. அந்தக் காலத்தில் ஏராளமாக விற்ற பெட்டி இது. எண்ணுக்கு முன்னால் 'எஸ்' என்ற எழுத்து இருந்தால் ஸ்டீரியோ, இல்லாவிட்டால் மோனோ. உங்களுடையது மோனோ. புத்தகம் கிழியாமல் உடன் இருப்பதுதான் உங்கள் பெட்டிக்குள்ள மதிப்பு. பெரும்பாலும் புத்தகம் ஒரு வீட்டிலும் தட்டு ஒரு வீட்டிலுமாகப் பிரிந்துபோயிருக்கும்.

உண்மையிலேயே அரிது என்றால் மாக்ஸ் ஸ்டைனர் இசையமைத்த 'தி கெய்ன் மியூட்டினி' தட்டைச் சொல்ல வேண்டும். 1954இல் ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனம் அதை அச்சிட்டது. ஒரு பக்கத்தில் இசை, மறுபக்கத்தில் படத்தின் நீதிமன்றக் காட்சி உரையாடலாகவே இருந்தது. கதாசிரியர் ஹெர்மன் வூக் அதே விசாரணைக் காட்சியைத் தனி நாடகமாக மேடையேற்றியிருந்த நேரம் அது. அவர் கடுமையாக எதிர்ப்புத் தெரிவிக்கவே, கடைக்குப் போகும் முன் தட்டுகளைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். தப்பித்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. நான் அதைக் கண்ணால் கண்டதில்லை. கண்டேன் என்று சொல்பவர்களையும் நம்புவதில்லை.

என் சொந்தத் தேடல் அவ்வளவு பெரியதன்று. 1985இல் மூர்மார்க்கெட் எரிந்துபோகும் முன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அங்கே போய்ப் பழைய தட்டுக் குவியல்களைக் கிளறிக்கொண்டிருந்தவன் நான். கை கறுத்துவிடும், குனிந்து குனிந்து முதுகு நோகும். ரோஜாவின் தட்டு ஒன்றை அப்போதிருந்தே தேடினேன். 1942ஆம் ஆண்டின் 'ஜங்கிள் புக்' படத்தின் இசையை, அதில் மௌக்லியாக நடித்த சாபுவே கதைசொல்ல, ஆர்சிஏ நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டுகளாக வெளியிட்டது. திரைப்படப் பின்னணி இசையை வீட்டில் வைத்துக் கேட்கலாம் என்று அமெரிக்காவில் நடந்த முதல் முயற்சிகளுள் அதுவும் ஒன்று. சாபு மைசூர்ப் பக்கத்து யானைப்பாகனின் மகன் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பற்று. மூர்மார்க்கெட்டில் கிடைக்கவேயில்லை. பல்லாண்டுகள் கழித்து வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடமிருந்து இணையத்தின் வழியாக வாங்கினேன். அவர் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, நடுவே ஒரு செய்தித்தாள்கூட இல்லாமல் கட்டியனுப்பியிருந்தார். அரக்குத் தட்டு கண்ணாடி மாதிரி. பொதியைத் தூக்கியபோதே உள்ளே சலசலவென்றது; பிரித்தால் ஒரு தட்டு சரிபாதியாக இரண்டாகிக் கிடந்தது. மற்றவை பிழைத்தன. சாபுவின் குரல் அவற்றில் இருக்கிறது. கனத்த குரலன்று, அடுத்த அறையில் இருந்துகொண்டு பேசுவதுபோலக் கேட்கிறது.

இனி வேலைக்கு வருவோம். உங்கள் எல்பியின் பூஞ்சைக்கு, காய்ச்சி வடித்த தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு விட்டு, மெல்லிய துணியால் பள்ளங்களின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே துடைக்கக் கூடாது. நடுவில் ஒட்டியிருக்கும் காகிதம் நனையக் கூடாது. பிறகு வெறும் வடித்த தண்ணீரால் ஒருமுறை துடைத்து, நிழலில் நிறுத்திக் காயவையுங்கள். உறைக்குள்ளும் பூஞ்சை இருக்கும், ஆகவே உள்ளுறையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குங்கள். நாகையின் கடற்காற்றுக்கு அலமாரியில் சிலிக்கா பொட்டலங்கள் சில இருப்பது நல்லது. உங்கள் அப்பாவின் சேகரிப்பில் 78 தட்டு இருந்தால் அதன்மேல் ஸ்பிரிட் கலந்த எதையும் தடவிவிடாதீர்கள், அரக்கு கரைந்துவிடும். ஊசியும் வேறு, எல்பி ஊசியை அதில் வைத்தால் அகன்ற பள்ளத்தின் அடியில் போய் உராயும்.

சுருதியைப் பற்றி அந்தப் பெண் கேட்டது சரியான கேள்வி. தட்டின் ஓரத்தில் சிறு காகிதத் துண்டு ஒன்றை ஒட்டி, ஊசியை வைக்காமல் சுழலவிட்டு, மூன்று நிமிடத்தில் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். சரியாக நூறு வர வேண்டும். நூறுக்கு மேல் வந்தால் உங்கள் ரெக்கார்டு பிளேயர்தான் ஓடுகிறது, இத்தாலிக்காரர்கள் அல்லர்.

மெல்லிசை மறுப்பாளர் எழுதியது:

எல்லாரும் 'அசல், அசல்' என்று 1996, 2012 வெளியீடுகளைத் தேடச் சொல்கிறீர்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. படத்துக்கான பதிவு காட்சிக்கு அடிமை. படகில் அடிமைகள் துடுப்பு வலிக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மரச்சுத்தியலால் தாளம் போடுபவன் வேகத்தைக் கூட்டக் கூட்ட இசையும் படிப்படியாக ஏறுகிறது. படத்தில் அதன்மேல் ஆணையிடும் குரலும் முனகலும் சுத்தியல் ஓசையும் விழுகின்றன. தனியாகக் கேட்கும்போது அந்த இசை தொடக்கம் முதல் உச்சம்வரை ஒரே மூச்சில் ஏறும் தனிப் படைப்பாக நிற்கிறது. அப்படிக் கேட்கத்தான் ரோஜாவே 1977இல் லண்டனில் நேஷனல் ஃபில்ஹார்மானிக் குழுவைக்கொண்டு, பாடகர் குழுவோடு, டெக்கா நிறுவனத்துக்காக மீண்டும் பதிவெடுத்தார். எழுதியவரே எழுபது வயதில், காட்சியின் கட்டாயம் இல்லாமல் நடத்திய பதிவு. ஒலியும் மேலானது. பிராக் நகரக் குழு 2017இல் வாசித்த முழுப் பதிவும் இருக்கிறது. சிலைக்குரிய பதிவு எது என்று தேடுவதைவிட இவற்றைக் கேட்பது பயனுள்ளது.

கருந்தட்டு எழுதியது:

மறுப்பாளர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். 1977 பதிவு என்னிடமும் உண்டு, அடிக்கடி கேட்கிறேன். ஆனால் 1959இல் வாசித்தவர்கள் ஆண்டு முழுவதும் படங்களுக்கே வாசித்துப் பழகியவர்கள். நொடிக்குள் வேகம் மாறுவதும், ஒரு பார்வைக்காக வயலின்கள் இழுத்து நிற்பதும் அவர்களுக்குக் கைவந்த கலை. அந்தக் கலைதான் ரோஜாவின் மூன்றாவது சிலைக்குக் காரணம். அதை லண்டனில் திரும்பப் பிடிக்க முடியவில்லை. மேலும், அவருக்கு அதற்குப் பிறகு ஆஸ்கரே கிடைக்கவில்லை என்பதையும் பாருங்கள். 1961இல் 'எல் சிட்' பரிந்துரையில் இருந்தும் 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனீஸ்' படத்துக்காக ஹென்றி மான்சினி வென்றார். தட்டு விற்க ஒரு பாட்டு வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் கேட்கத் தொடங்கிவிட்ட காலம். இரண்டரை மணி நேரத்துக்கு எழுதும் முறையே அதோடு அருகிவிட்டது.

இத்தகைய குறுந்தகடுகள் எண்ணிக்கை குறைவாக வெளியானதற்கும் காரணம் அந்தப் பழைய ஊதிய விதிதான் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். பிற்காலத்தில் சில ஆயிரம் படிகளுக்குள் நிறுத்திக்கொண்டால் கலைஞர்களுக்கான மறு ஊதியத்தைக் குறைத்துக்கொள்ளச் சங்கம் ஒப்புக்கொண்டது. அந்தச் சலுகை இல்லாவிட்டால் எம்ஜிஎம் கிடங்கில் இருந்தவற்றில் பல வெளியே வந்திருக்காது. சலுகையோடு வந்த வரம்பினால்தான் இன்றைக்கு நாம் கைமாறி வரும் படிகளுக்காகக் காத்திருக்கிறோம்.

நாகைக்காரன் எழுதியது:

ஐயா சொன்னபடி காகிதத் துண்டை ஒட்டி, கைப்பேசியில் நேரம் வைத்து மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் நூற்று நான்கு. நூற்றுக்கு நான்கு பங்கு விரைவு. வயலின் மாணவி அவர்களின் ஐயம் சரி, என் காதும் அவ்வளவு மோசமில்லை. பிளேயரின் அடியில் வேகத்தைத் திருத்தும் சிறு திருகாணி ஒன்று இருந்தது; துரு ஏறி இறுகியிருந்ததை எண்ணெய் விட்டுத் தளர்த்தித் திருப்பியதில் இப்போது நூறு வருகிறது. அப்பா கடைசிக் காலத்தில் எல்லாத் தட்டுகளையும் சுருதி சற்று ஏற்றியேதான் கேட்டிருக்கிறார் போலும்.

பூஞ்சையைத் துடைத்து, நேற்று மாலை அணிவகுப்பை மறுபடியும் படத்தோடு சேர்த்து ஓடவிட்டேன். சுருதி சேர்கிறது. வேகம் இன்னும் சேரவில்லை. சில இடங்களில் தட்டு முந்துகிறது, சில இடங்களில் படம் முந்துகிறது. அது சவீனாவுக்கும் ரோஜாவுக்கும் இடையிலான கணக்கு என்று விட்டுவிட்டேன். 1977 பதிவை நண்பர் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன், அடுத்த வாரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஐந்து தகட்டுப் பெட்டி யாரிடமாவது கைமாற வந்தால், இத்திரியிலேயே ஒரு வரி எழுதுங்கள்.